முதுகில் வரைந்த பூனை

இது நடந்தது. என் மனநல டாக்டர் களைப்பு என்கிறார், அம்மா கெட்ட கனவு என்கிறாள். இருவரும் அங்கே இல்லை. பேய் இரவில்தான் வரும் என்று தைரியமாக இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இது பட்டப்பகல். மதியம் 2.40.

ருமேனியாவில் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். கொரோனா வந்த முதல் நவம்பர். நான் இலின்கா, இரண்டாம் வருடப் பயிற்சி டாக்டர். வார்டில் எல்லோரும் தலை முதல் கால் வரை வெள்ளை உடைக்குள் இருப்போம், ஆள் அடையாளம் தெரியாது. அதனால் ஒருவர் முதுகில் மற்றவர் மார்க்கரால் பெயர் எழுதிவிடுவோம். என் முதுகில் எழுதுவது என்னோடு படித்த ஹோரியா. பெயருக்குக் கீழே மீசை வைத்த பூனை ஒன்றையும் வரைந்து அனுப்புவான், குறும்புக்காரன்.

அந்த வாரம் அவன் லீவு என்றார் தலைமை டாக்டர். போன் செய்தால் எடுக்கவில்லை. அவனையும் ஒதுக்கிவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம். மனசு சரியில்லை என்று வாய்விட்டுச் சொன்னவர்களை லாயக்கில்லை என்று ஒதுக்கிவிடுவார் அவர். யார் என்ன பேசினாலும் அவர் காதுக்குப் போய்விடும்.

அதனால் நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு வாழப் பிடிக்கவில்லை. உள்சட்டைப் பையில், பஞ்சு சுற்றிய ஒரு மருந்துக் குப்பி இருந்தது. வராந்தாக் கடைசியில் டாக்டர்கள் ஓய்வறை. கிருமி மருந்து அடித்திருக்கிறது என்று பூட்டி வைத்திருந்தார்கள். யாரும் வரமாட்டார்கள். சாவி என்னிடமும் ஒன்று இருந்தது. ஷிப்ட் முடிந்ததும் அங்கே போய்ப் படுத்துவிடுவது, அவ்வளவுதான்.

அதுவரை குப்பியை நானே நினைத்தாலும் எடுக்க முடியாது. மேலே உடையை மூடி டேப் ஒட்டியிருந்தது.

ஆறாம் கட்டில் அருகே யாரோ திரும்பி நின்றிருந்தார்கள். முதுகில் ‘ஹோரியா’.

“லீவுன்னாங்களே?”

“லீவுதான். சாப்பிட்டியா, தூங்குமூஞ்சி?”

அவன் குரல்தான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

“உன்னைய அவரு அனுப்பினாரா? வேவு பாக்கவா?”

“பையில என்ன வச்சிருக்க?”

அது யாருக்கும் தெரியாது...

அவன் என் பக்கம் திரும்பினான், அப்போதுதான் கவனித்தேன். எங்கள் எல்லோருடைய கண்ணாடியும் மூச்சு பட்டு மங்கியிருக்கும். அவனுடையது பளிச்சென்று இருந்தது.

பக்கத்தில் வந்தான். இந்த உடையில் லேசாக அசைந்தாலே சரக் சரக் என்று கேட்கும்.

கேட்கவில்லை.

“கடைசி ரூமுக்குப் போகாத, இலின்கா.”

“ஏன்?”

“அங்க நான் இருக்கேன்.”

பீப்... பீப்... பீப்...

எட்டாம் கட்டில் மானிட்டர். திரும்பினேன். மறுபடி பார்த்தபோது...

யாரும் இல்லை.

ஷிப்ட் முடிந்ததும் நர்ஸ் வியோரிகா அக்கா என் உடையைக் கழற்ற வந்தாள். அன்று என் முதுகில் எழுதியவள் அவள்தான்.

“நான் பேரு மட்டும்தானடி எழுதுனேன். இந்தப் பூனைய யாரு வரைஞ்சா?”

டேப் ஒட்டியபடியே இருந்தது. அவள் கிழித்ததும் பையில் கைவிட்டேன்.

காலி.

அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஹோரியா லீவில் போகவில்லை. நான்கு நாள் முன்பு, அந்த ஓய்வறையில், தன் உயிரை மாய்த்துக்கொண்டான். தெரிந்தால் நாங்கள் வேலையை விட்டு ஓடிவிடுவோம் என்று, தலைமை டாக்டர் எல்லோர் வாயையும் அடைத்து வைத்திருந்தார்.

மறுநாள் அவன் சாமான்களை எடுத்துப்போக அண்ணன் வந்த பிறகுதான் அறையைத் திறந்தார்கள். நானும் நின்றேன்.

தலையணை மேல்... பஞ்சு கலையாமல், உடையாமல், என் குப்பி.