பகவதி பார்க்க வந்த குழாய்

உடன்குடி காசிலிங்கம் குடிநீர்க் குழாய் பதிக்கும் மேஸ்திரி. இருபத்திரண்டு வருஷம் செய்த வேலை அத்தனையும் மண்ணுக்குள்ளே கிடக்கிறது. அவருடைய மைத்துனரோ கொத்தனார். பஸ்ஸில் போகும்போதெல்லாம் மனைவி பகவதி சன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "அந்தா, எங்க அண்ணன் கட்டுன மச்சுவீடு" என்பாள். பிறகு புருஷனைப் பார்த்து, "நீங்க செஞ்சது எங்கன இருக்கு?" என்பாள். அவர் தரையைக் காட்டுவார். பஸ்ஸே சிரிக்கும். மனுஷன் எத்தனை நாள்தான் பொறுப்பார்?

1974 ஐப்பசி. ஆலந்தலைக்குப் போகும் வழியில், தாழ்வான இடத்தில், முன்னூறு அடிக்கு ஆஸ்பெஸ்டாஸ் குழாய் பதித்தார். மேலே லாரி போனாலும் நசுங்காமலிருக்க மூன்றடி ஆழம். கல் குத்தாமலிருக்க அடியில் சலித்த மணல். பெற்ற பிள்ளைக்குக்கூட அவர் இப்படிப் படுக்கை விரித்ததில்லை.

"கசிவு பார்க்கணும், மூட்டு மட்டும் வெளியே தெரியட்டும். மத்த இடமெல்லாம் இன்னிக்கே மண்ணைத் தள்ளிடு" என்றார் இஞ்சினியர் ராஜகோபாலன். காசிலிங்கம் தலையை ஆட்டினார். ஆட்டினதோடு சரி. காலையில் பகவதியைக் கூட்டிவந்து முழுக் குழாயையும் காட்டிவிட்டுத்தான் மூடுவது என்று ஏற்கனவே முடிவு கட்டியிருந்தார். உள்ளே நண்டு புகுந்துவிடக் கூடாதே என்று இரண்டு முனையிலும் மரக்கட்டைக்குச் சாக்குச் சுற்றி இறுக அடைத்தார். நல்லதென்று நினைத்துத்தான் செய்தார், பாவம்.

விடியற்காலையில் மழை கொட்டித் தீர்த்தது. எட்டு மணிக்குப் புதுச்சேலை கட்டி வந்த பகவதி கண்டது, பள்ளம் நிறையச் செந்தண்ணீரும் அதன்மேல் ஹாயாக மிதக்கும் குழாயும்.

"மண்ணுக்குள்ள போட்டேன்னு சொன்னீங்க. கப்பலல்லா விட்டிருக்கீங்க!"

காசிலிங்கம் ஓடிப்போய்க் குழாய்மேல் உட்கார்ந்து அமுக்கினார். இந்தப் பக்கம் முங்கினால் அந்தப் பக்கம் எழும்பியது. அந்தப் பக்கம் கூலியாள் பால்துரையை உட்காரச் சொன்னார். நடுவில் எழும்பியது. பகவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனாலும் தினம் கிணற்றில் தண்ணீர் மொள்கிறவள் அல்லவா?

"குடம் தண்ணி குடிச்சாத்தான முங்கும்? அடைப்பப் புடுங்குங்க!"

பிடுங்கினார். குழாய் கடகடவென்று குடித்து, பெரிதாக ஒரு ஏப்பம் விட்டு, அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

இஞ்சினியர் வந்து வாய்க்கு வந்தபடி திட்டினார். "மேல மண்ணு இருந்தா மிதக்குமாய்யா? அந்தக் கனம்தானே அதைப் பிடிச்சு வைக்கிறது!" தண்ணீரை இறைத்துக் குழாயை நேராக்கி முடிக்க மத்தியானம் ஆனது. உடனே மூடச் சொன்னார். காசிலிங்கம் மண்வெட்டியை எடுத்தார். பார்க்க வந்தவளும் சிரித்துவிட்டுப் போகப்போகிறாள் என்று நினைத்தபடியே முதல் மண்ணை அள்ளினார்.

"பொறுங்க. நான் இன்னும் பாக்கல" என்றாள் பகவதி.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பள்ளத்தின் ஓரமாக முன்னூறு அடியும் குனிந்து குனிந்து பார்த்தபடி நடந்தாள். பகவதி திரும்பி வந்தாள்.

"எல்லாம் நூல் புடிச்ச மாதிரி இருக்கு. அந்த ஏழாவது மூட்டு மட்டும் ஒரு விரக்கடை கோணுது."

கோணத்தான் செய்தது. குறை சொல்வது இஞ்சினியருக்கு உத்தியோகம். கட்டினவள் அவர் வேலையை உற்றுப் பார்த்துக் குறை சொன்னது இதுதான் முதல் தடவை. காசிலிங்கத்துக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"ஆமாளா, கோணுதுதான்!" என்று சிரித்துக்கொண்டே பள்ளத்துக்குள் குதித்தார்.