சோபாவுக்கு மேலே ஒரே ஆணி

சோபாவின் கைப்பிடியில் ஒரு காலும் சாய்மானத்தில் ஒரு காலுமாக ஏறி நின்று, அங்காளம்மாள் மாமனாரை இறக்கிக்கொண்டிருக்கிறாள். மாமனார் இறந்து ஆறு வருடம் ஆகிறது. பிரேமும் கண்ணாடியுமாக நாலு கிலோ இருப்பார். அவரைச் சோபாவுக்குப் பின்னால் சாய்த்துவிட்டு, அங்கேயிருந்து ஓர் அருவியை எடுத்து மாட்டுகிறாள். எந்த நாட்டு அருவி என்று யாருக்கும் தெரியாது. "செத்த நேரம் அங்ஙனயே இருங்க மாமா, அடுத்த அமாவாசைக்கு எடுத்து மாட்டுதேன்" என்று குனிந்து சொல்லவும் சொல்வாள். மரியாதையில் குறை வைக்கிறவள் அல்ல.

இத்தனை பாட்டுக்கும் காரணம் வீட்டுக்காரர் அகமது கபீர். எண்பத்தெட்டில், ராஜபாளையத்தில் புதிதாகக் கட்டிப் பூசிய அந்த வீட்டை வாடகைக்கு விட்ட அன்று, கூடத்துச் சுவரில் தன் கையாலேயே ஓர் ஆணியை அடித்தார். "இது ஒன்னுதாம்மா. வீட்டுக்குள்ள எப்படி வேணாலும் இருந்துக்கோங்க, செவுரு என்னோடது" என்றார். மாதம் ஒருமுறை வந்து சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார்.

அங்காளம்மாளின் கணவர் சோலைச்சாமி பட்டாளத்தில் ஹவில்தார். லீவில் வந்திருக்கும் இரண்டு மாதமும் அவருடைய ரெஜிமெண்ட் குரூப் போட்டோ ஆணியில் ஏறும். நூற்றிருபது பேர் நிற்கிற படம். வருகிறவர்களுக்குத் தன் கணவர் என்று அவளே மூன்று வெவ்வேறு ஆட்களைக் காட்டியிருக்கிறாள். அவர் ரயிலேறிய மறுநாள் நூற்றிருபது பேரும் சோபாவுக்குப் பின்னால் போய்விடுவார்கள்.

ஆணிக்கு உண்மையான போட்டி இரண்டு பேருக்குள்தான். ஒருவர் மாமனார். சேத்தூர்க் கூட்டுக்குடும்பத்திலிருந்து மருமகளைத் தனிக்குடித்தனம் அனுப்பும்போதே மாமியார் குருவம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள்: "அவிய படம் தொங்குத வீட்டுலதான் என் மகன் குடும்பம் இருக்கணும். இல்லையா, பெட்டியக் கெட்டிக்கிட்டு இங்ஙனயே வந்துரு." இன்னொருவர் அங்காளம்மாளின் அப்பா உக்கிரபாண்டி, சுந்தரபாண்டியத்துக்காரர், இன்றைக்கும் திடகாத்திரமாக நடமாடுகிறவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆசாரியிடம் சொல்லிச் செய்து சோபாவைக் கொண்டுவந்து இறக்கியது அவர்தான். தான் போட்ட சோபாவுக்கு மேலே தன் மீசைதான் இருக்கவேண்டும் என்பது அவர் கட்சி.

மாமியாருக்கும் அப்பாவுக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. கல்யாண குரூப் போட்டோவில் உக்கிரபாண்டி மார்பை விரித்துக்கொண்டு முன்னால் நின்றதில், மாமனாரின் ஒரு காது மட்டும்தான் படத்தில் விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து குருவம்மாளுக்கு அவர் பெயர் "என் வீட்டுக்காரர மறச்ச ஆளு".

அங்காளம்மாளுக்கு இந்த வீடு வேண்டும். சேத்தூரில் விடிவதற்குள் பதினோரு பேருக்கு உலை வைத்தவள் அவள். இங்கே காலை பத்து மணிக்கு, கேட்பாரில்லாமல், சோபாவில் சாய்ந்து ஆற அமரக் காப்பி குடிக்கிறாள். அந்தக் காப்பிக்காக எத்தனை பேரை வேண்டுமானாலும் ஏற்றி இறக்குவாள். அமாவாசைதோறும் மாமியார் வருவாள்; அன்றைக்கு மாமனார், மாலையோடு. ஞாயிறுதோறும் அப்பா வருவார்; அன்றைக்கு அவர் படம். மிச்ச நாளெல்லாம் அருவி. நாலு வருடமாக ஒருநாள் பிசகியதில்லை.

அந்த வருட ஆவணியில் அமாவாசை ஞாயிற்றுக்கிழமையே வந்து தொலைத்தது. நல்லவேளையாக, ஊரில் பஞ்சாயத்து இருக்கிறது, வரவில்லை என்று அப்பா தகவல் சொல்லி அனுப்பியிருந்தார். மாமனாரை ஏற்றி, ஆணியில் செவ்வந்தி மாலையைத் தொங்கவிட்டு நிமிர்ந்தவளுக்கு, தெருவிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. பஞ்சாயத்து சீக்கிரம் முடிந்துவிட்டதாம். "ஏட்டி, காலக் கழுவிட்டு வாரேன்" என்று பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக் குழாய்க்குப் போனார்.

குருவம்மாள் வருகிற பஸ் பன்னிரண்டு மணிக்குத்தான். அதற்குள் அப்பாவுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடலாம். அங்காளம்மாள் சோபாவில் தாவி ஏறினாள். மாமனார் இறங்கினார், அப்பா ஏறினார். அவசரத்தில் மாலை ஆணியிலேயே தங்கி, அப்பாவின் கழுத்தில் பாந்தமாக விழுந்திருந்ததை அவள் பார்க்கவில்லை. அன்றைக்கென்று யாரோ மோட்டார் பைக்கில் ஏற்றிவந்து இறக்கிவிட்ட குருவம்மாள்தான் முதலில் பார்த்தாள்.

வாசலிலேயே அவள் கையிலிருந்த பை நழுவியது. "ஏட்டி... எப்ப?"

"அத்தே, அது வந்து..."

"ஒரு கேதம் சொல்லி விடலயேட்டி. பேச்சுவார்த்த இல்லன்னா மனுசரே இல்லன்னு ஆயிருமா?" சோபாவில் சரிந்து, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். பொய்யழுகை இல்லை. "என் வீட்டுக்காரர் காச்சல்ல கெடந்தப்ப, வண்டி நெறைய எளநி அனுப்பி வச்ச மனுசன். பாவி, நாந்தான் திருப்பி அனுப்பிட்டேன். அம்புட்டு வீம்பு எனக்கு."

கொல்லை வழியாக வந்து, சோபாவை ஒட்டிய அடுப்படியில் உக்கிரபாண்டி ஈரக் காலோடு நின்றிருந்தார். தன்னைப் பற்றி இத்தனை நல்ல வார்த்தையை அவர் ஆயுசில் கேட்டதில்லை. மீசை துடித்தது, கண் கலங்கிவிட்டது. அங்காளம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். தன் மேலேயே வெட்கமாக இருந்தது. என்ன ஆனாலும் சரி, உண்மையைச் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் குருவம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்: "அவிய படத்த நான் சேத்தூருக்கே கொண்டு போயிருதேன். இங்ஙன அண்ணன் படமே இருக்கட்டும். தகப்பன் இல்லாத புள்ளய இனிமே அங்க வா, இங்க வான்னு நான் கூப்புட மாட்டேன். நீ நெனச்ச வரைக்கும் இந்த வீட்டுலயே இருந்துக்கோ."

அங்காளம்மாள் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

உக்கிரபாண்டிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "தங்கச்சி" என்று கூப்பிடப் போகிறவராக நிலைப்படி வரை வந்துவிட்டார். அங்காளம்மாள் ஒரு கையால் அத்தையின் முதுகைத் தடவிக்கொடுத்தபடியே, இருந்த இடத்திலிருந்து காலை எட்டி, கட்டைவிரலால் அடுப்படிக் கதவை மெல்லத் தள்ளிச் சாத்தினாள்.