காற்று நிற்கும்வரை

வைகாசி பிறந்ததிலிருந்து சுடலைக்கண்ணுவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இருங்காட்டுக்கோட்டையில், காருக்குக் கதவுக் கைப்பிடி செய்யும் கம்பெனியில் அவனுக்கு ஜெனரேட்டர் அறை வேலை. கரண்ட் போனால் ஓட்ட வேண்டும், வந்தால் நிறுத்த வேண்டும். அது 2012. கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம். ஆனாலும் அவன் காண்ட்ராக்ட் ஆள். தெற்கே காற்றாலைகள் சுற்றத் தொடங்கினால் மின்வெட்டு குறையும். அவனை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். போன வருடமும் அப்படித்தான் அனுப்பினார்கள்.

அந்தக் காற்றாலைகள் நிற்பதோ அவனுடைய கயத்தாற்றைச் சுற்றி. தினமும் மனைவி உலகம்மாளுக்குப் போன் போட்டதும், மகள் சாப்பிட்டாளா என்பதற்கு முன்பே, காத்தாடி சுற்றுகிறதா என்றுதான் கேட்பான். நிற்கிறது என்றால் அவனுக்கு மூச்சு வரும். அவளுக்கு எரிச்சல் வரும்.

ஒருநாள் கேண்டீனில் மின்சிக்கன வகுப்பு நடந்தது. என்ஜினீயர் சத்யப்பிரியா சுவரில் சார்ட் மாட்டியிருந்தாள். ஒரு கட்டம் தீர்ந்துபோகும் ஆற்றலுக்கு, இன்னொன்று தீராத ஆற்றலுக்கு. பெயர் எழுதிய அட்டைகளை உரிய கட்டத்தில் ஒட்ட வேண்டும். நிலக்கரியையும் வெயிலையும் மற்றவர்கள் சரியாக ஒட்டிவிட்டார்கள். சுடலைக்கண்ணு காற்றை முதல் கட்டத்தில் ஒட்டினான், டீசலை இரண்டாவதில். காற்று புரட்டாசியோடு நின்றுவிடும், டீசல் கேட்டபோதெல்லாம் லாரியில் வந்து இறங்கும் என்றான்.

கேண்டீனே சிரித்தது.

"இன்னாபா, சொந்த ஊரு காத்தையே கவுத்துட்ட?" என்றான் சூப்பர்வைசர் டில்லிபாபு.

சத்யப்பிரியா அட்டைகளை மாற்றி ஒட்டினாள். நிற்பது வேறு, தீர்வது வேறு. காற்று மறுபடி வரும், எரித்த டீசல் வராது என்றாள். அவனும் தலையாட்டினான்.

அடுத்த வாரம் ஒருநாள் ஷிப்ட் முழுக்கக் கரண்ட் போகவே இல்லை. துடைத்த ஜெனரேட்டரையே திரும்பத் திரும்பத் துடைத்துவிட்டுப் போன் போட்டான்.

"நல்லா சுத்துது. எப்பம் வாறிய?" என்றாள் உலகம்மாள்.

அவன் டில்லிபாபுவிடம் போய், கைப்பிடி செய்யும் லைனில் ஏதாவது வேலை கேட்டான். லைனுக்குச் சின்னப் பையன்களைத்தான் எடுப்பார்களாம்.

"காத்து நின்னதும் நானே போன் பண்றேன். போய்ட்டு வா."

கயத்தாற்றில் பஸ் நின்றபோது விடிந்திருந்தது. வானம் முழுக்க இறக்கைகள் சுற்றின. மகள் கனிஷ்கா ஓடிவந்து, எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்டாள்.

"காத்து நிக்கிற வரைக்கும்."

"அப்பம் நிக்காம அடிக்கட்டும்" என்றாள் உலகம்மாள், பையை வாங்கிக்கொண்டே.

அவன் சட்டைப்பையில் போன் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டான்.