தவளை அரக்கன் அழுத நாள்

எங்கள் குடும்பத்தில் பள்ளியின் படிவம் ஐந்தைத் தாண்டியவள் நான்தான். ஒலிப்பதிவு படித்துவிட்டு, தீவிலிருக்கும் ஜார்ஜ் டவுனில் ஒரு டப்பிங் ஸ்டூடியோவில் எடிட்டராகச் சேர்ந்தேன். புரபேஷன் முடிவதற்குள் வந்து சேர்ந்தது அந்தப் பழைய ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர். வாரம் ஓர் அரக்கன் வந்து ஊரை மிதிப்பான். எல்லாரையும் தமிழில் பேசவைக்க வேண்டும்.

முதலில் வந்தது கொம்பு வைத்த கடல் தவளை. மலை உயரம். ரப்பர் உடைக்குள் ஆள் இருப்பது முழங்கால் சுருக்கத்தில் தெரியும். இருந்தும் அது துறைமுகத்தில் கால் வைத்தபோது நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

சிக்கல் சவுண்ட் டிராக்கில் இருந்தது. இப்போதைய படங்களில் வசனம் தனி, மற்ற சத்தம் தனி. இதில் இரண்டும் ஒரே டிராக். ஜப்பானிய வசனத்தை எடுத்தால் தவளையின் கர்ஜனையும் போய்விடும். பாஸ் இணையத்திலிருந்து சிங்கத்தின் குரலை எடுத்துப் போட்டு அனுப்பினார். சானலின் சாந்தி மேடம் திருப்பி அனுப்பிவிட்டு, போனில் பிடித்துக்கொண்டார்.

“இது கடல்லேர்ந்து வருது, ஸூலேர்ந்து இல்ல. குட்டி செத்துக் கிடக்கு, அங்கயும் சிங்கம் கத்துது. நாளைக்கு நான் வந்து கேப்பேன். சரியில்லன்னா சீரீஸ் கேஎல் ஸ்டூடியோவுக்குப் போயிரும்.”

தொடர் போனால் என் வேலையும் போகும் என்பதை பாஸ் மறைக்கவில்லை.

அந்தக் காட்சியைச் சத்தமே இல்லாமல் ஓட்டிப் பார்த்தேன். தவளை குட்டியின் மேல் குனிகிறது. தோள் குலுங்குகிறது. சட்டென்று தண்ணீர்மலைக் கோயில் தைப்பூசம் நினைவுக்கு வந்தது. உறுமி மேளத்தின் தோலில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்த்தால் ஒரு விம்மல் எழும். அதேதான்! என் அண்ணன் குமரன் உறுமிக் குழுவில் வாசிப்பவன். போன் செய்தேன். புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்ததும், சீருடையோடு, மோட்டார் சைக்கிளில் உறுமியைக் கட்டிக்கொண்டு கடல் பாலம் கடந்து வந்தான்.

முதல் டேக்கில் அவன் கை பழக்கத்தில் தாளம் போட்டது. பாஸ் விழுந்து விழுந்து சிரித்தார்.

“கவி, தவளை காவடி எடுக்க வந்த மாதிரி இருக்கு லா.”

அண்ணனுக்கு முகம் சுருங்கியது. தவளைக்கு வாசித்தது வெளியே தெரிந்தால் குழுவில் கேலி செய்தே கொன்றுவிடுவார்கள் என்று குச்சியைக் கீழே வைத்தான். நான் திரையை அவன் பக்கம் திருப்பினேன்.

“தாளம் வேணாண்ணே. அது பிள்ளையப் பறிகொடுத்திருக்கு. அதப் பாத்துக்கிட்டே தேய்.”

பார்த்தான். பிறகு தேய்த்தான். அதைப் பதிவுசெய்து வேகத்தைக் குறைத்து, சுருதியைக் கீழே இறக்கி, கொஞ்சம் எதிரொலி சேர்த்தேன். ஸ்பீக்கரில் ஓடவிட்டதும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பாஸ் பின்னால் நகர்ந்தார். நான் குதித்தே விட்டேன்.

மறுநாள் சாந்தி மேடம் ஹெட்போன் மாட்டிக் கேட்டார். காட்சி முடிந்தும் கழற்றவில்லை.

“எந்த லைப்ரரில எடுத்தீங்க?”

“லைப்ரரி இல்ல மேடம். எங்கண்ணன்.”

மேடம் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மீதித் தொடரும் எங்களுக்கே என்றார்.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். சத்தத்தைத் தேடும் முன் படத்தை ஒருமுறை ஊமையாக ஓட்டிப் பாருங்கள். அந்த உயிருக்கு என்ன நடந்தது என்று புரிந்தால், பாதி வேலை முடிந்தது.

குரல் கொடுத்தோர் பட்டியலை நான்தான் டைப் செய்தேன். கேலி செய்பவர்கள் செய்யட்டும் என்று தவளை அரக்கனுக்கு எதிரே அண்ணனின் முழுப் பெயரைப் போட்டேன்.