முழங்கை வரை எண்ணெய்

சிங்கத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மர நிழலில் மல்லாந்து கிடந்தது. இதற்காகவா விடியுமுன் எழுப்பினாய் என்று மகளைக் கேட்டேன். மாப்பிள்ளைக்குத் தான்சானியாவில் வேலை. சம்பா அறுப்பு முடிந்த கையோடு என்னை வரவழைத்து, அன்றைக்கு சஃபாரி ஜீப்பில் ஏற்றிவிட்டிருந்தாள்.

பத்து மணி வாக்கில் ஒரு காட்டெருமை தனியாக நிற்பதைப் பார்த்தோம். அதன் கூட்டம் தள்ளி மேய்ந்துகொண்டிருந்தது. படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. டிரைவர் வண்டியை நிறுத்தி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். கன்று போடப் போகிறது என்று மகள் தமிழில் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் இன்னும் மூன்று ஜீப்புகள் வந்து நின்றன.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊரில் மாடு கன்று போட முடியாமல் திணறினால், டாக்டர் வந்து சேர்வதற்குள் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இங்கே கன்றின் தலை வெளியே வந்திருந்தது. ஒரு முன்னங்கால் வந்திருந்தது. இன்னொரு காலைக் காணோம். உள்ளே மடிந்து மாட்டிக்கொண்டிருக்கிறது. கன்றைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, அந்தக் காலைத் தேடிப் பிடித்து, குளம்பை உள்ளங்கையில் பொத்தி முன்னால் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான். விட்டுவிட்டால் தாயும் தங்காது.

"பாப்பா, அந்தத் தேங்கா எண்ணெய எடு."

ஊரிலிருந்து நான் கொண்டுவந்த பாட்டில். எதற்கென்று கேட்காமல் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கடிகாரத்தைக் கழற்றினேன். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு முழங்கை வரை எண்ணெய் பூசினேன். கதவில் கை வைத்த பிறகுதான் டிரைவர் கத்தினார். மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னப்பா பண்றீங்க? குத்திக் கிழிச்சிடும்ப்பா!"

"ரெண்டு நிமிஷ வேலைம்மா. அவருகிட்ட சொல்லு."

சொன்னாள். டிரைவர் என் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அவர் வீட்டிலும் மாடு இருக்கிறதாம். காட்டில் பிறப்பதிலும் சாவதிலும் நாம் கை வைக்கக் கூடாது, நீங்கள் இறங்கினால் உங்கள் உயிர் போகும், என் வேலையும் போகும் என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் சொன்னதில் தப்பே இல்லை என்பதால் இன்னும் ஆத்திரமாக வந்தது.

கன்றின் நாக்கு வெளியே தொங்கியது. முதலில் அசைந்துகொண்டிருந்தது. பக்கத்து ஜீப்பில் ஒரு பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கணவர் படம் எடுப்பதை நிறுத்தவில்லை. நான் பாட்டுக்கு, "முக்காதம்மா, கொஞ்சம் பொறும்மா, முக்காதம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் வாய் நிற்கவில்லை. நாக்கு நீலம் பாரித்தது. பிறகு அசையவில்லை.

"அம்மாவாவது பொழச்சுக்குமாப்பா?" என்று மகள் கேட்டாள். அழுதுகொண்டிருந்தாள். தெரியலம்மா என்றேன். தெரியும்.

எங்கள் ஊர் மாடாக இருந்தால் அந்த வலியில் ஆளைப் பார்த்துக் கத்தும். நாம் கை வைக்கும் வரை நம் மேலிருந்து கண்ணை எடுக்காது. இது எழுந்து, பின்னால் தொங்கும் கன்றோடு கூட்டத்தை நோக்கி நடந்தது. நாலு ஜீப் நிறைய ஆட்கள் இருந்தோம். எங்களைத் தாண்டித்தான் போனது. ஒரு தடவைகூட எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.