சாஸ்திரத்துக்கு உடைத்த ஓர் அட்டை

எங்கள் வீட்டு நடு அறைச் சீலிங்கில் இருபத்திரண்டு அட்டைகள். ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு ஆணிகள். சன்னலோரத்து அட்டைகள் இரண்டில் மட்டும் பதினொன்று. சர்க்கரை ஆலையின் எடைமேடையில் எழுத்தராக இருந்து, கரும்பு வண்டிகளை எண்ணியே ஓய்வு பெற்றவன் நான். மல்லாந்து படுத்தால் கண் தானாக எண்ணும். உச்சி வெயிலில் மேலே கூரை ஷீட்டு விரிந்து சடசடக்கும்போது அந்த ஆணித் துளைகளிலிருந்து வெள்ளைத் தூள் உதிரும். தலையணையைத் தட்டிவிட்டுப் படுப்போம். இருபத்தாறு வருடமாகத் தட்டிவிட்டுத்தான் படுத்தோம்.

அட்டைகளுக்கு மேலே பதினான்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகள். கள்ளக்குறிச்சியில் இந்த வீட்டை வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது. முன் கூடத்துக்கு மட்டும் தளம். நடு அறைக்கு ஷீட்டும் சீலிங்கும். விற்றவர் இப்போது உயிரோடு இல்லை. அந்த அட்டை எதனால் ஆனது என்று கேட்க ஆளில்லை. கேட்க வேண்டும் என்று போன வருடம் வரை எனக்குத் தோன்றியதும் இல்லை.

போன வருடம் மகள் உண்டாகியிருந்தாள், கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து. அவளும் மருமகனும் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியர்கள். ஆவணிக் கடைசியில் பிரசவம் என்றார்கள். வயது முப்பத்தைந்து ஆகிவிட்டது, கடைசி மாதம் மலையில் இருக்கக் கூடாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கீழே வந்துவிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கீழே என்றால் எங்கள் வீடு. எங்கள் வீட்டில் தாயும் பிள்ளையும் படுக்க நடு அறை. "ஷீட்டுக்குக் கீழ பச்சப்புள்ள வெந்துடும்ங்க" என்றாள் மனைவி. எல்லாவற்றையும் பிரித்துவிட்டுத் தளம் போடுவது என்று முடிவாகி, மேஸ்திரியிடமும் பேசிவிட்டோம்.

பேசிய அதே வாரம் ஒரு பத்திரிகையின் மருத்துவப் பக்கத்தில் கல்நாரைப் பற்றிப் படித்தேன். ஆஸ்பெஸ்டாஸுக்குத் தமிழில் அதுதான் பெயர். சும்மா கிடக்கும்வரை அவ்வளவு ஆபத்தில்லையாம். உடைத்தால், அறுத்தால், துளை போட்டால் கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் மிதக்குமாம். நுரையீரலுக்குள் போனது திரும்பி வராதாம். நோய் தெரிய எத்தனையோ வருடம் ஆகுமாம். எனக்கு எழுபத்து மூன்று. அது என்னிடம் வந்து சேர நேரமில்லை. பிறக்கப்போகும் பிள்ளைக்கு நேரம் நிறைய இருக்கிறது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மேஸ்திரி கருணாபுரத்துக்காரர். பரிசோதனை செய்துவிட்டுப் பிரிக்கலாம் என்றதும் சிரித்துவிட்டார்.

"ஷீட்டுக்கு இன்னா சார் டெஸ்ட்டு? பேரே ஆஸ்பெஸ்டாஸ்தான? அதுங்கிட்டப் போயி நீ ஆஸ்பெஸ்டாஸான்னு கேக்கப் போறீங்களா?"

"ஷீட்டச் சொல்லலப்பா. கீழ இருக்கிற அட்டை."

"அது சுண்ணாம்பு அட்டை சார். நகத்தால கீறினாலே வரும், பாருங்க."

கீறிக் காட்டக் கையைத் தூக்கினார். பிடித்துக்கொண்டேன்.

"நான் பொறந்தது ஷீட்டுக்குக் கீழ. கல்யாணம் பண்ணதும் ஷீட்டுக்குக் கீழ. எனக்கு இன்னா ஆயிடுச்சி?" என்று சொல்லிவிட்டு இருமினார். "இது பீடி சார். இதையும் உங்க கணக்குல சேத்துக்காதீங்க."

சென்னையில் இருக்கும் ஒரு பரிசோதனைக் கூடத்தின் எண்ணை மகள் தேடி அனுப்பினாள். பேசியவர் இளைஞர். "கம்பெனிங்கதான் சார் அனுப்புவாங்க. வூட்டுக்குன்னு நீங்கதான் மொதல்ல கேக்கறீங்க" என்றார். ஆனால் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். எடுக்கும் இடத்தை நனைக்க வேண்டும். ஒரு நாணய அளவு போதும். இரண்டு பிளாஸ்டிக் உறைகளில் ஒன்றுக்குள் ஒன்றாக மூட வேண்டும்.

கொரோனா காலத்து முகக்கவசங்கள் மூன்று மிச்சமிருந்தன. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டேன். மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, மேசைமேல் ஏறி, இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால் சீலிங்கின் மூலையை நனைத்தேன். கத்தி வைத்ததும் அட்டை வெல்லக்கட்டிபோல் உதிர்ந்தது. முறிந்த விளிம்பில் மெல்லிய ரோமம்போல் ஏதோ நின்றது. மூச்சை அடக்கிக்கொண்டேன். எவ்வளவு நேரம் அடக்க முடியும்?

வெளியிலிருந்து மனைவி கதவைத் தட்டினாள். "இன்னாங்க, உசுரோட இருக்கீங்களா? வெங்காயம் அரியணும், என் கத்தி எங்க?"

அந்தக் கத்தியை அவளிடம் திருப்பித் தரவில்லை.

கூரியர் அலுவலகத்தில் இருந்த பெண் உறையைத் தூக்கிப் பார்த்து "உள்ள இன்னாங்க சார்?" என்றாள். வீட்டுக் கூரை என்றேன். "இம்மாத்துண்டு வூடா?" என்று பக்கத்திலிருந்தவளைப் பார்த்துச் சிரித்தாள். முத்திரை குத்தும்போது உறை நசுங்கியது. ஓரடி பின்னால் நகர்ந்து நின்றேன்.

முடிவு வருவதற்குள் மகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மலைக்குப் போனேன். ஆனி மாதக் கடைசி. மலையில் மழை. பாதி வழியில், மேலேயிருந்து சரிந்த பாறை ஒன்று பாதையில் கிடந்தது. பேருந்து நின்றுவிட்டது. எனக்கு முன்னால் பன்னிரண்டு வண்டிகள், பின்னால் ஒன்பது. பள்ளத்துப் பக்கம் தடுப்புச் சுவர் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. வண்டிகளுக்கு நடுவே ஓர் ஆம்புலன்ஸ் இருக்கிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். இல்லை. ஆனால் என் மனதுக்குள் ஒன்று நின்றுகொண்டிருந்தது, உள்ளே என் மகளோடு.

மகளுக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தன. ரிசல்ட் வராமல் அட்டையில் யாரையும் கை வைக்க விடாதீர்கள் என்று அவளும் சொன்னாள். "ஆனா சீக்கிரம் வந்துடறேம்பா. இந்த ரோட்ட நெனச்சா எனக்குத் தூக்கமே வரல" என்றாள். என்னைப் போலவே பயப்படுகிறவள்.

வீட்டுக்குத் திரும்பியபோது வாசலிலேயே கற்பூர வாசனை. நடு அறைக்குள் போனேன். சீலிங்கின் நடுவில் ஒரு சதுரம் கறுப்பாகத் திறந்திருந்தது. அதற்கு நேர் கீழே, தரையில் உடைந்த தேங்காய், நறுக்கி வைத்த எலுமிச்சம்பழம். சன்னல் வழியாக வந்த வெயிலில் வெள்ளைத் தூசி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரி தோள் துண்டை உதறிக்கொண்டிருந்தார். மனைவி தென்னந் துடைப்பத்தால் காய்ந்த தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு ஆடி பொறக்குதுங்க. அப்புறம் யாரு கை வெப்பாங்க?" என்றாள். "உங்க ரிசல்ட்டு வர்றப்ப வரட்டும். இன்னிக்கு ஆரம்பிச்சதா இருக்கணும் இல்ல? சாஸ்திரத்துக்கு ஒரே ஒரு அட்டையத்தான் எடுக்கச் சொன்னேன்."

"ஒண்ணே ஒண்ணு சார்" என்றார் மேஸ்திரியும். "கடப்பாறையால ஒரு குத்துதான். அப்படியே வந்துடுச்சி."

நான் மேலே பார்க்கவில்லை. அறையின் குறுக்கே கட்டியிருந்த கொடியைப் பார்த்தேன். பிறக்கப்போகும் பிள்ளைக்காக மனைவி நான்கு மாதமாகச் சேர்த்த பழந்துணி அதில் காய்ந்துகொண்டிருந்தது. நல்லபடியாகப் பிள்ளை பெற்ற வீடுகளாகப் பார்த்து, நைந்த நூல் புடவைகளையும் வேட்டிகளையும் கேட்டு வாங்கி, கிழித்து, வெந்நீரில் அலசி வைத்தவை. வெளியே போட்டால் தெருப்புழுதி படியும் என்று உள்ளே கொடி கட்டியிருந்தாள். நாற்பத்து மூன்று துணிகள். ஒவ்வொன்றின் மடிப்பிலும் மாவு சலித்ததுபோல் வெள்ளை.

"இன்னாத்துக்கு இப்படி நிக்கிறீங்க? அலசினாப் போச்சி" என்றாள்.

அலசினால் தண்ணீர் எங்கே போகும், துடைப்பம் என்ன ஆகும், இந்த மேஸ்திரி உதறிய துண்டு எந்த வீட்டுக் கொடியில் தொங்கும் என்றெல்லாம் என் தலைக்குள் ஓடியது. முதலில் இருவரையும் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். மேஸ்திரியைக் குளித்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தீட்டா சார்? வூட்டுக்குப் போனதும் பேத்தி ஓடியாந்து காலக் கட்டிக்கும். தொடாதன்னு சொல்லவா?"

"இன்னிக்கு ஒரு நாள் சொல்லுப்பா" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, குழாயடிக்குப் போனார்.

உடைந்த அட்டை எங்கே என்று அதற்குப் பிறகுதான் கேட்டேன். தெருமுனைப் பள்ளத்தில் கொட்டியாயிற்று என்றார். மழைத் தண்ணீர் தேங்குகிற பள்ளம். யார் வீட்டில் எதை உடைத்தாலும் அதில்தான் போடுவார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் ஆட்டோக்கள் ஏறி இறங்கிப் பாதி மாவாகியிருந்தது. சக்கரத் தடத்தில் வெள்ளைக் கோடு பள்ளிக்கூடம் வரை போயிற்று. வீட்டிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினேன். பெட்டிக் கடைக்காரர், "இன்னா சார், பள்ளத்தக் குளிப்பாட்டறீங்க?" என்று கேட்டார். மேஸ்திரிதான் ஈரத் தலையோடு வந்து, எஞ்சியதை என்னோடு சேர்ந்து சிமெண்டு சாக்குகளில் அள்ளினார். பள்ளத்துச் சேற்றோடு மூன்று சாக்கு.

முடிவு வாட்ஸ்அப்பில் வந்தது. ஒரே ஒரு வரிதான் முக்கியம்: அட்டையில் கல்நார் இருக்கிறது. அதையே ஏழெட்டு முறை படித்தேன். உடனே அந்த இளைஞருக்குப் போன் செய்தேன்.

"உடைக்காம வெச்சிருந்தா ரிஸ்க் கம்மி சார்" என்றார். "எடுக்கணும்னா நனைச்சி, முழுசாக் கழட்டி, பாலிதீன்ல சுத்தணும்."

"ஒண்ண உடைச்சாச்சே தம்பி."

"அந்த ஓட்டையப் பாலிதீன் வெச்சி மூடி, தரைய ஈரத்துணியால தொடைங்க சார்."

"கழட்டினா எங்க கொண்டுபோய்ப் போடறது?"

"அதுக்குன்னு எடம் இருக்கும் சார். விசாரிச்சுப் பாருங்க. நான் டெஸ்ட் மட்டும்தான் பண்றேன்."

விசாரித்தேன். நான் கேட்ட அலுவலகத்தில் இருந்தவர், தனக்கே மாட்டுக் கொட்டகைக்கு ஆறு ஷீட்டு வேண்டும், சும்மா கொடுப்பதானால் வண்டி அனுப்புகிறேன் என்றார்.

வேலையை நிறுத்தினேன். மேஸ்திரி இரண்டு நாள் வந்து வந்து நின்றார். ஆரம்பித்த வேலையை நிறுத்தினால் வீட்டுக்கு ஆகாது, அதுவும் பிள்ளை வரப்போகிற நேரத்தில் என்று மனைவி அழுதாள். அவள் பயம் அவளுக்கு. நான் துணிகள் நாற்பத்து மூன்றையும் நனைத்து நான்காவது சாக்கில் போட்டுக் கட்டியபோது, என்னோடு பேசுவதையே விட்டுவிட்டாள். புதிதாகத் துணி கேட்டு அதே வீடுகளுக்குப் போனவள், எதற்கென்று கேட்டால் சொல்ல முடியாமல் பாதியில் திரும்பி வந்தாள். பிறகு தன் புடவைகளையே கிழித்தாள்.

மகள் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்திருக்கலாம், முடியவில்லை.

"நான் வரட்டுமா, இங்கயே இருக்கட்டுமாப்பா? நீங்க சொல்றதுதான்."

ஒரு பக்கம் அந்தப் பாறை. ஒரு பக்கம் இந்தத் தூசி. ஆலையில் எதையும் நிறுத்துப் பார்த்துத்தான் எழுதுவேன். இதை எந்தத் தராசில் வைப்பது? பாறை விழுந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். தூசி என்ன செய்யும் என்று தெரியும் நாளில் நான் இருக்கமாட்டேன். தெரியாமல் போய்விடும் என்பதற்காகத் தூசியைத் தேர்ந்தெடுக்கிறேனோ என்றும் தோன்றியது. "வந்துடும்மா" என்றேன்.

அவள் வருவதற்குள் என்னால் முடிந்ததைச் செய்தேன். மேஸ்திரி ஏணியில் ஏறி, முகக்கவசத்தோடு, இந்த முறை சிரிக்காமல், சீலிங் ஓட்டையைப் பாலிதீன் வைத்து ஒட்டினார். தரையை ஈரத்துணியால் ஒன்பது முறை துடைத்தோம். நான்கு சாக்குகளையும் நடு அறைக்குள்ளேயே வைத்துப் பூட்டினேன். கதவின் நான்கு பக்க இடுக்கிலும் அகலமான டேப் ஒட்டினேன். முன் கூடத்தில் திரை கட்டித் தாய்க்கும் பிள்ளைக்கும் இடம் செய்தோம். ஆவணியில் பேத்தி பிறந்தாள். இரண்டே முக்கால் கிலோ. முதல் தும்மலுக்கு எல்லோரும் சிரித்தார்கள். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

மகளுக்குப் பிரசவ விடுப்பு இன்னும் முடியவில்லை. பேத்தி தவழ்கிறாள். கூடத்தில் பதினேழு பொம்மைகள் கிடக்கின்றன. அவற்றைத் தாண்டிக்கொண்டு அந்தக் கதவுக்குத்தான் போகிறாள். டேப்பின் பளபளப்போ, நாங்கள் தூக்கி வருவது விளையாட்டென்று நினைக்கிறாளோ, தெரியவில்லை. ஒரு நாளைக்குப் பத்து முறையாவது தூக்கி வருகிறோம்.

நேற்று நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவள் கதவடியில் உட்கார்ந்திருந்தாள். டேப்பின் கீழ் மூலை ஒன்று பிய்ந்து சுருண்டிருந்தது. அவளுடைய வலது உள்ளங்கை வெள்ளையாக இருந்தது.

"செவத்துச் சுண்ணாம்புங்க" என்று மனைவி ஓடிவந்து தன் கையைச் சுவரில் தேய்த்துக் காட்டினாள். "பாருங்க, என் கையிலயுந்தான் ஒட்டுது."

ஒட்டியது உண்மைதான். நான் வேட்டி நுனியை நனைத்துப் பேத்தியின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். கதவிடுக்கில் புது டேப்பை இரண்டு வரிசையாக ஒட்டினேன். வேட்டியின் அந்த நுனியை வெட்டி, மிச்சமிருந்த பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மூடினேன்.

பரிசோதனைக் கூடத்து இளைஞரின் எண் என் போனில் இருக்கிறது. காலையிலிருந்து இரண்டு முறை எடுத்தேன், அழைக்கவில்லை. அந்த நுனியைச் சோதித்துச் சுண்ணாம்பு என்று சொன்னால் தூங்குவேன். வேறு ஏதாவது சொன்னால்? அந்தக் கையை அவள் வாயில் வைப்பதற்கு முன்னால் துடைத்தேனா, வைத்த பிறகு துடைத்தேனா என்பது எனக்கு நினைவில்லை.