விரல் தின்னும் அரக்கன்

பீன்யா தொழிற்பேட்டைக்குப் போகும் காலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் அந்த அக்காவுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. இடது கட்டைவிரலால் போனில் எழுதிக்கொண்டே வருவார். இணையத்தில் வரும் மாயாஜாலத் தொடர்கதை அது. மூன்று பாகங்கள் வந்துவிட்டன. அதில் வரும் அரக்கன் கண்ணாடி போட்டிருப்பான், மென்மையாகப் பேசுவான், மனிதர்களின் விரல்களைத் தின்பான்.

"நிஜத்துல யாரு அக்கா இவன்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க சூப்பர்வைசர். வேலை வேகமா நடக்கணும்னு பிரஸ் மெஷின்ல இருந்த பாதுகாப்புத் தடுப்பைக் கழட்டச் சொன்னான். விரல் போனதும், என்னோட கவனக்குறைவுதான்னு எழுதிக் குடுத்துட்டான்."

"கதையிலயாவது கொன்னுடலாமே?"

"எதுக்கு? பாகத்துக்கு ஒரு விரலா அவனுக்குப் போயிட்டிருக்கு. இன்னும் ஏழு பாக்கி."

பிறகு சிரித்தார். "அந்த சூப்பர்வைசரோட பொண்ணு விடாம படிக்கிறா. இந்த அரக்கன் துடிச்சுச் சாகணும்னு சொந்தப் பேர்லயே கமெண்ட் போடுறா. அது அவ அப்பான்னு தெரியாது."

"சொல்லிடுவீங்களா?"

"கடைசி விரல் போகட்டும், சொல்றேன்."

மறுபடி எழுத ஆரம்பித்தார். நியாயம் அவர் பக்கம்தான். ஆனாலும், முகம் தெரியாத அந்தப் பெண்ணை நினைத்து, ஒவ்வொரு பாகம் வரும்போதும் அரக்கனுக்கு மிச்சமிருக்கும் விரல்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.